மான் கலைத்த அக்கா

அந்தக் கலைமான் இன்னும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. முன்னங்கால் இரண்டும் சேற்றில் புதைய, கழுத்தை நீட்டிக்கொண்டு மடுவின் விளிம்பில் நின்றது. அதன் பின்னால் ஏழெட்டுப் பெண்மான்கள். தம்பி துவக்கைத் தோளில் அணைத்து ஒரு கண்ணை மூடிவிட்டான். நான் இரண்டு நாய்களின் கயிற்றையும் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கச்சான் காற்று மான்களின் பக்கமிருந்து எங்களை நோக்கி அடித்தது. விசையை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி.

"ஐயோ, கொம்பைப் பாரடா! என்ன வடிவு!"

மான்கள் ஒரே உதறலில் திரும்பின. கண்ணை இமைத்துத் திறக்குமுன் மடுவில் சேற்று வளையங்கள் மட்டுமே மிச்சம். தம்பி துவக்கைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் மனுசரோ?"

அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பாஞ்ச பாய்ச்சலைப் பாத்தனியே பிள்ளை? அந்தச் சூரைப் பத்தைக்கு மேலாலை! என்ரை உயரம் வரும்!"

அந்த வருடத்து வேட்டை இப்படித்தான் தொடங்கியது.

எங்கள் வீடு வட்டக்கச்சிக்கும் அப்பால், வயல் முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில் இருந்தது. சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடுகளுக்கு ஒருவழியாகக் கூரை போட்டிருந்த காலம். அடுத்த வளவில் தனியாக இருந்தவர் அக்கா. இயக்கத்தில் பல வருடம் இருந்தவர். புனர்வாழ்வு முடித்து வந்து, கச்சான் கடலையும் மிளகாயும் வைத்துச் சீவித்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு தடவையாவது சாதாரண உடுப்பில் புலனாய்வுக்காரர் யாராவது வந்து அவரிடம் சுகம் விசாரித்துவிட்டுப் போவார்கள். பின்னாளில் அவர் தங்கையோடு ஆனையிறவுப் பக்கம் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் சொல்வது அதற்கு முந்திய ஒரு கோடையை.

அக்காவை அறிந்தவர்கள் முதலில் அவருடைய குரலைத்தான் அறிந்திருப்பார்கள். சந்தையில் அவர் மிளகாய்க்கு விலை பேசினால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கிணற்றடியில் குளித்தபடி பாடுகிற பாட்டு எங்கள் குசினி அடுப்படிக்குள் வந்து விழும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது தெரிந்தும், வயலின் அந்தக் கரையில் நிற்கிறவளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோவன்," என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன்? ஆருக்குக் கேக்கப் போகுது?" என்றவர் இன்னும் உரத்துச் சொன்னார்: "கேக்கட்டும்!"

ஷெல் விழுந்து இடக்காது அடைத்ததால்தான் அவர் இப்படிக் கத்துகிறார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. நான் அதை முழுதாக நம்பவில்லை. சருகுக்குள் பாம்பு ஊர்ந்தால் எங்களில் முதலில் கேட்பது அவருக்குத்தான்.

மான் சுடுவது சட்டப்படி குற்றம். ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டு அடுப்புக்கு மேலே மான் வத்தல் காய்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தம்பியிடம் இடியன் என்கிற நாட்டுத் துவக்கு ஒன்று இருந்தது. ஒரு வெடிதான் வெடிக்கும். பிறகு குழலுக்குள் வெடிமருந்தும் ஈயமும் போட்டு இடித்து முடிப்பதற்குள் மான் மாங்குளம் தாண்டிவிடும். சீனி, கறுவல் என்ற நாய்கள் இரண்டும் என்னுடையவை. நான் போகாமல் அவை தம்பியோடு ஒரு அடி எடுத்து வைக்காது. அதனால் நானும் போனேன். காட்டை அறிந்தவர் அக்கா மட்டும்தான். எந்த மடு கடும் கோடையிலும் வற்றாது, மிதிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்கே நட்டிருக்கிறார்கள், பலகை நடாத எந்த இடத்தில் காலை வைக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரில்லாமல் காட்டுக்குள் போக எவருக்கும் துணிவில்லை. அவரோடு போனால் மான் கிடைக்காது. எங்கள் சங்கடம் அது.

அடுத்த முறையும் கத்தினார். அதற்கடுத்த முறை, சத்தியம் பண்ணிவிட்டு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குட்டிமான் தாயின் வயிற்றை முட்டிப் பால் குடிக்கத் தொடங்கியதும் முந்தானை பறந்தது. "குடிக்குது, குடிக்குது!"

தம்பி எழுந்து நின்றான். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "உங்கடை வாயைப் பூட்டேலாது அக்கா. சரி, அதை மானுக்கு அங்காலை கொண்டுபோய்த் திறவுங்கோ!"

கோபத்தில் சொன்னதுதான். சொல்லி முடித்ததும் அவனே அக்காவைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தார். மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் போனோம். மடுவுக்கு மேற்கே முள்ளுக்காட்டுக்கு நடுவில் ஒடுங்கிய வெளி ஒன்று இருந்தது. மான்கள் நடந்து நடந்து தடம் விழுந்த வழி. அதன் வாயில் ஒரு முதிரை மரத்தடியில் தம்பி குந்திக்கொண்டான். அக்காவும் நானும் நாய்களோடு சுற்றிக்கொண்டு போய் மடுவின் அந்தப் பக்கம் நின்றோம். மான்கள் பாலைமரத்தின் கீழே உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"இப்ப கத்தட்டோ?" என்று குசுகுசுத்தார் அக்கா. அவர் குசுகுசுத்ததை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"கத்துங்கோ!"

அக்கா இடுப்பில் கையை ஊன்றினார். "கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், வவுனியா! ஏறு ஏறு ஏறு! உள்ளுக்குப் போங்கோ, முன்னாலை இடமிருக்கு! வாசல்லை நிக்காதேங்கோ!"

பஸ் கொண்டக்ரரின் குரல் அப்படியே. மான்கள் தலையை நிமிர்த்தின. நான் கயிற்றை விட்டேன். சீனியும் கறுவலும் குரைத்துக்கொண்டு பாய, அவற்றின் பின்னால் அக்கா பாய, அவர் பின்னால் நான். முள் கிழித்தது தெரியவில்லை. செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. "மாங்குளம் ஆக்கள் இறங்குங்கோ!" என்று அக்கா கத்துவதும் மான் குளம்புகளின் தடதடப்பும் என் சிரிப்பும் எல்லாம் ஒன்றாகக் கேட்டன. அப்போது முன்னால் படாரென்று வெடி.

"விழுந்திட்டுது!" என்று தம்பி கத்தினான். "அக்கா, விழுந்திட்டுது!"

அதன் பிறகு கொஞ்ச நாட்களுக்கு எங்களைப் பிடிக்க முடியவில்லை. போன போதெல்லாம் கிடைத்தது. ஒருதடவை மாட்டளவு பெரிய மரை ஒன்று. இறைச்சியைத் தேக்கம் இலையில் சுற்றி, உரப்பையில் போட்டு, மேலே விறகை அடுக்கி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டு வருவோம். அயல் வீடுகளுக்குப் பங்கு போகும். மிச்சத்துக்கு உப்பும் மஞ்சளும் பூசி அடுப்புக்கு மேல் கம்பியில் கோத்துவிடுவோம். அக்கா ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று, பங்கைக் கையில் கொடுத்தபடியே ஓட்டம் முழுவதையும் நடித்துக் காட்டுவார். மானாகவும் அவரே, நாயாகவும் அவரே, நானாகவும் அவரே. செருப்புப் போன இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். "ஊருக்கே கேக்குது அக்கா," என்று தம்பி பதறுவான். "கேக்கட்டும்!"

பிறகு இறங்கத் தொடங்கியது. பாலைப்பழம் முடிந்தது. மடு வற்றி வெடித்தது. மான்கள் உட்காட்டுக்குள் போய்விட்டன. நாங்கள் வெயில் ஏறும்வரை அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். ஒருநாள் மான் வந்தும் மருந்து பற்றவில்லை. இன்னொரு நாள் கறுவல் மான் என்று நினைத்துப் புதருக்குள் பாய்ந்தது. உள்ளே நின்றது தனிப்பன்றி. நாங்கள் ஓடிப்போனபோது கறுவலின் வயிறு பக்கவாட்டில் கிழிந்து கிடந்தது.

நான் தரையில் இருந்து அழுதேன். தம்பி வேறு பக்கம் பார்த்தான். அக்கா கறுவலைத் தூக்கிச் சேலையில் கிடத்தி, வீட்டுக்குக் கொண்டுபோகும்படி எங்களை விரட்டினார். முற்றத்தில் வைத்து, ஊசியைச் சுடுநீரில் போட்டெடுத்து, நூலைக் கோத்து, கை நடுங்காமல் தைக்கத் தொடங்கினார். அந்தக் கை அதற்கு முன்பு எத்தனை பேரைத் தைத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கறுவல் வலியில் ஊளையிட்டது. நான் அதன் வாயைப் பொத்தப் போனேன்.

"கையை எடு!" அக்கா என்மேல் சீறினார். பிறகு நாயின் காதருகே குனிந்து, "கத்து ராசா, கத்து. நல்லாக் கத்து. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்," என்றார். தைத்து முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கறுவல் பிழைத்தது. ஒரு கால் மட்டும் இழுத்தது.

கறுவல் எழுந்து நடக்கத் தொடங்கிய நாட்களில் நாங்கள் மறுபடி போனோம், சீனியை மட்டும் கூட்டிக்கொண்டு. அன்று அதிர்ஷ்டம் எங்கள் பக்கம். நடந்த சிறிது நேரத்திலேயே ஒரு கலைமான் எதிர்ப்பட்டு, தம்பியின் முதல் வெடிக்கே விழுந்தது. அக்கா கையைத் தட்டி ஆடத் தொடங்கியிருந்தார். சட்டென்று நின்றார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் மோட்டார் சைக்கிள்களின் உறுமல் வந்தது, பின்னால் ஒரு பெரிய வாகனம். பிறகு ஆட்களின் குரல், சிங்களத்தில். காட்டிலாகா ஆட்களும் அவர்களோடு ஆமிக்காரரும். வெடிச் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கவேண்டும். பிடிபட்டால் தம்பிக்கு மறியற்சிறை. அக்கா பிடிபட்டால், காட்டுக்குள் துவக்கோடு, அது மான் வழக்கோடு முடியாது.

அக்கா கையை மட்டும் தாழ்த்திக் காட்டினார். நாங்கள் அப்படியே விழுந்து வீரைப் புதருக்குள் ஊர்ந்தோம். எனக்குப் பக்கத்தில் அக்கா குப்புறக் கிடந்தார். சீனியின் மூஞ்சியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். முசுறு எறும்புகள் என் கழுத்தில் ஏறிக் கடித்தன. நான் நெளிந்தேன். அவர் கழுத்திலும் ஏறின. அவர் அசையவில்லை. கண்ணின் ஓரத்தில் ஒரு எறும்பு போனபோதும் இமைக்கவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் அயலில் பாடிக்கொண்டு குளிக்கிற பெண்ணின் முகமல்ல அது. சப்பாத்துக் கால்கள் இலைகளுக்கு அப்பால் வந்து நின்றன. யாரோ செத்த மானைக் கண்டு சத்தமிட்டார்கள்.

அவர்கள் மானைச் சுற்றிக் கூடியிருக்கையில் அக்கா இரண்டு விரலை அசைத்தார். பின்பக்கமாக ஊர்ந்தோம். பிறகு எழுந்து நடந்தோம். அவர் கால் வைத்த இடத்திலேயே நாங்களும் கால் வைத்தோம். ஒரு சுள்ளி முறியவில்லை. சிவப்புப் பலகைகளுக்கு நடுவே ஒரு வளைந்த வழி. அவரைத் தவிர வேறு யாரும் அதில் போக நினைத்திருக்கமாட்டார்கள். குளக்கட்டில் ஏறி எங்கள் வயலைக் கண்டபோது என் சட்டை பிழிந்து எடுக்கும்படி நனைந்திருந்தது.

தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. துள்ளினான். "அக்கா! இப்பிடி நடக்க உங்களுக்குத் தெரியுமெண்டா, இவ்வளவு நாளும் எத்தினை மான் அடிச்சிருக்கலாம்! இனி இப்பிடியே போவம்!"

அக்கா சீனியை என்னிடம் தந்தார். "இனி அந்தக் கதை வேண்டாம்," என்றார். மெல்லத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அடுத்த வளவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வாளி கிணற்றில் விழும். பாட்டு இல்லை. வானொலி இல்லை. "அக்காவுக்கு வருத்தமோ?" என்று தெருவில் போகிறவர்கள் என்னைக் கேட்டார்கள். அத்தனை நாளும் மெதுவாகப் பேசச் சொன்ன நான், காலையில் எழுந்ததும் வேலிப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் புட்டு அவித்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசற்படியில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து உடைத்தேன்.

"சீனியின்ரை வாயைப் பொத்தினன் எல்லோ," என்றார்.

"ஓம் அக்கா."

"அப்பிடித்தான் ஒருக்கால் ஒரு பிள்ளையின்ரை வாயையும் பொத்தினனான். இயக்கத்திலை என்னோடை இருந்தவள். வயித்திலை காயம். ஆமிக்காரங்கள் கிட்டக் கிட்ட வாறாங்கள். அவள் முனகுறாள். முனகினா எல்லாரின்ரை கதையும் முடிஞ்சுது." கையிலிருந்த கச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்கள் போனாப் பிறகு கையை எடுத்தன். அவள் இல்லை. காயத்தாலை போனாளோ, என்ரை கையாலை போனாளோ... எனக்குத் தெரியாது பிள்ளை."

அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"அதுக்குப் பிறகு காட்டுக்கை சும்மா இருக்க ஏலுதில்லை," என்றார். "சத்தமில்லாமல் இருந்தா அவளின்ரை மூச்சு கேக்கும்."

தம்பியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, தேவையான அளவு. அவன் லான்ட்மாஸ்டரின் சில்லில் சாய்ந்து நின்று கேட்டான். பின்னேரம் வேலியடிக்குப் போனான்.

"அக்கா, மழை இறங்கப் போகுது. கடைசியா ஒருக்கால் போவமோ? பழையபடி. நீங்கள் அங்காலை நிண்டு கத்துறது, நான் இங்காலை நிக்கிறது."

அவன் திரும்பும்போதுதான் குரல் வந்தது. "கறுவலும் வாறானோ?"

"நொண்டி நொண்டி வருவான்."

"அப்ப வாறன்."

போனோம். வானம் கறுத்து, காற்று விழுந்து, காடு முழுவதும் மழைக்குக் காத்திருந்தது. முதிரை மரத்தடியில் தம்பி. மடுவுக்கு அப்பால் அக்காவும் நானும் நாய்களும். மான்கள் திரும்பி வந்திருந்தன, நான் அதுவரை கண்டிராத அளவுக்கு ஒரு கூட்டம். நடுவில் ஒரு பெரிய கலை. கொம்பு உலர்ந்த மரக்கிளைபோல் விரிந்திருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி மூடினார். கலை தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்துவிட்டது. இன்னும் ஒரு கணம் போனால் எல்லாம் போய்விடும்.

அப்போது அக்கா கூப்பிட்டார்.

பஸ் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கிணற்றடியிலும் சந்தையிலும் கேட்ட குரலெல்லாம் அதன் பக்கத்தில் வராது. வயிற்றின் அடியிலிருந்து எடுத்து, காட்டின் மறுகரையில் நிற்கிற ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல, நீட்டி, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். நாய்கள் குரைத்தன. கறுவல் மூன்று காலில் பாய்ந்தது. மான்கள் வெள்ளம் போலத் திரண்டு மேற்கே கொட்டின. நானும் ஓடினேன். என்னையறியாமல் நானும் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன். ஒருமுறைகூடக் கண்டிராத அந்தப் பெண்ணை இரண்டு பேருமாகக் காடு முழுவதும் கூப்பிட்டோம்.

வெடி கேட்டது. அதைத் தொடர்ந்து இடி. இரண்டில் எது முதலில் என்று இன்றைக்கும் தம்பியும் நானும் வாதாடுவோம்.

"விழுந்துதோ?" அக்கா முட்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கீறல். குரல் கம்மியிருந்தது.

"பெரியவன் அக்கா! பெரியவன் விழுந்திட்டான்!"

மழை அப்படியே கொட்டியது. தம்பி துவக்கைத் தூக்கிக்கொண்டு ஆடினான். அக்கா சேற்றில் கால் பரப்பி நின்று, முகத்தை மழைக்குக் கொடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மானைக் குளக்கட்டு வரை இழுத்து வருவதற்குள் நாங்கள் விழாத இடமில்லை. விழுந்த ஒவ்வொரு முறையும் சிரித்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். தேங்காய்ப்பால் விட்டு, ரம்பை இலையும் கருவேப்பிலையும் போட்டு, மிளகுத் தூளும் கூட்டி, கறியின் வாசம் தெரு ஒழுங்கை வரை வந்திருந்தது. உள்ளே நிலத்தில் நாலு வாழையிலை. நாங்கள் மூன்று பேர். நாலாவது இலையில் முதலில் சோற்றை வைத்தார், பிறகு சட்டிக்குள் துழாவி எலும்போடு ஒட்டிய துண்டுகளாகப் பார்த்து வைத்தார்.

"எலும்போடை இருந்தாத்தான் தின்னுவாள்," என்றார்.

தம்பி தயங்கியபடி, "சாம்பிராணி ஏதும் கொளுத்தட்டோ அக்கா?" என்று கேட்டான்.

"வேண்டாமடா. அவளுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. தும்முவாள்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா அந்த நாலாவது இலையை மெல்லத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கைப்பிடிச் சோற்றைக் குழைத்து, எலும்பைக் கடித்துச் சாப்பிடத் தொடங்கினார். ஆற அமர, ஒன்றையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்து கொண்டிருந்தது.

"உறைப்புக் கூடிப்போச்சு," என்றார். பிறகு, நான் முழங்கை படுகிற தூரத்தில் இருந்தும், ஒழுங்கை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படியாகக் கத்தினார்:

"பிள்ளை, தண்ணி கொண்டா!"